சிந்தாத படிக்கம்

போன மாதம் சிவகாசியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பித்தளைப் படிக்கத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ்களை மிதக்க விட்டிருந்தார்கள். தாத்தா காலத்துச் சாமான் என்று பெருமை வேறு. வருகிறவர்கள் குனிந்து முகர்ந்து பார்த்தார்கள். நான் குனியவில்லை. அந்தத் தாத்தா வெற்றிலை எச்சில் துப்பிய பாத்திரம் அது. எத்தனையோ முறை நான் கழுவி வைத்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய பட்டாசுக் கம்பெனியில் நான் மெக்கானிக். தீபாவளி ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போவதற்கென்று முதலாளி ஒரு வீட்டு வண்டி வைத்திருந்தார். யுத்தகாலத்துப் பழைய லாரியின் மேல் மரத்தால் அறை கட்டி, உள்ளே கட்டில், ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி, சாம்பிள் அலமாரி. கட்டிலில் சாய்ந்தபடியே மதுரை, திருச்சி என்று சுற்றுவார். நானும் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். பக்கத்து முக்காலியில் படிக்கம் இருக்கும்.

அந்த வண்டிக்குக் கம்பி பிரேக். மிதித்தால் நான்கு சக்கரங்களுக்கும் போகிற இரும்புக் கம்பிகள் இழுபடும். கம்பி நுனியிலுள்ள நட்டைத் திருகித்தான் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று வைக்க வேண்டும். நிற்கும்போது பாரமெல்லாம் முன்னால் சாய்வதால் முன்சக்கரங்கள்தான் அதிகம் பிடிக்க வேண்டும். பின்சக்கரங்கள் மட்டும் பிடித்தால் அவை சுற்றாமல் நின்றுவிடும். வண்டி நிற்காது, சறுக்கிக்கொண்டே போகும். டிரைவர் அண்ணாச்சி ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் இறங்கி நான்கு சக்கரங்களையும் தொட்டுச் சூடு பார்ப்பார்; அதிகம் பிடித்த சக்கரம் அதிகம் சுடும். “முன்னாடி நல்லா சுடுது தம்பி, சரியா வச்சிருக்க” என்பார்.

ஒருநாள் குறுக்கே வந்த ஆட்டுக்காக அண்ணாச்சி பிரேக் போட்டார். வண்டியின் மூக்கு அமுங்கியது. படிக்கம் கவிழ்ந்து முதலாளியின் பட்டு வேட்டியில் வழிந்தது. “ஏலே, முன்பிரேக்கை லூசு பண்ணிரு. இல்லேன்னா வண்டி ஒருநா குப்புற விளுந்திரும்” என்றார். அப்படி நம்பி முன்பிரேக்கைத் தளர்த்திய லாரிக்காரர்கள் அப்போது எங்கள் பக்கம் நிறையப் பேர். “வேண்டாம் முதலாளி, ஆளு குறுக்க வந்தா நிக்காது” என்று அண்ணாச்சி கெஞ்சினார். நான் தளர்த்தினேன். பயந்து செய்தேன் என்று சொன்னால் பொய். எச்சில் துடைக்கிற வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

ஆடி வெள்ளிக்கிழமை. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம் சாலையை அடைத்திருந்தது. அண்ணாச்சி தூரத்திலேயே பிரேக்கை மிதித்தார். பின்சக்கரங்கள் தேய்ந்து கதற, வண்டி மெதுவாகச் சறுக்கிக்கொண்டே போய் மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண்ணின் காலில் ஏறி நின்றது. அண்ணாச்சி குதித்து ஓடினார். நான் பின்கதவைத் திறந்தேன். “என்னலே சத்தம்?” என்று கேட்டுவிட்டு முதலாளி துப்பினார். படிக்கம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

மறுநாள் வண்டியைச் சோதிக்கப் பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல். காலையிலேயே முதலாளி கூப்பிட்டார். “பளைய மாதிரி வச்சிரு. டிரைவர் அசந்துட்டான்னு முடிஞ்சிரும்.” நட்டைத் திருகினேன். என் ஆயுளில் அவ்வளவு கச்சிதமாக எந்த வண்டிக்கும் பிரேக் வைத்ததில்லை.

இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்தார். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. “முன்பிரேக் லூசா இருந்துச்சு சார், தம்பியக் கேளுங்க” என்றார் அண்ணாச்சி. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். பிரேக்கில் குறையில்லை என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். அண்ணாச்சியின் லைசென்ஸ் போயிற்று. அதன்பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. தீப்பெட்டி லோடு தூக்கினார்.

அன்று இன்ஸ்பெக்டர் போனதும் துடைக்கிற துணியோடு பின்கதவைத் திறந்தேன். முக்காலியிலிருந்து படிக்கம் உருண்டு, தரையெல்லாம் சிவப்பாக ஓடிக் கிடந்தது. எனக்குப் பின்னால் வந்து நின்ற அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“நேத்து ஒரு சொட்டுகூடச் சிந்தலையே தம்பி” என்றார்.

கல்யாண வீட்டை விட்டுக் கிளம்பும்போது முதலாளியின் பேரன் வாசல்வரை வந்து, “சாப்பிட்டீகளா?” என்று கையைப் பிடித்துக்கொண்டான். சாப்பிட்டேன் என்றேன். உண்மைதான், வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். பக்கத்தில் படிக்கம் ரோஜா இதழ்களோடு தளும்பாமல் நின்றது.