அந்த ஆளின் ஆணி வளைவதே இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு டிவியில் ஒரு வெள்ளைக்காரர் வருவார். தாடிக்காரர். அவருடைய பட்டறை எங்கள் தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தைவிடப் பெரியது. சுவர் முழுக்க உளிகளை அளவு வாரியாக மாட்டியிருப்பார். அவருக்குத் தமிழ்க் குரல் கொடுப்பவர், "நண்பர்களே, வால்நட் மரம் உங்களை ஒருபோதும் ஏமாற்றாது" என்பார். எப்படி ஏமாற்றும்? நான் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தஞ்சாவூர் மரவாடியில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். எதிரே இருந்த பழமுதிர் கடையைக் கை காட்டினார்கள்.

அந்த ஆள் ஆணி அடித்தால் ஆணி நேராக இறங்கும். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் அதுதான். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், ஒரே ஒரு ஆணிகூட வளையவில்லை. பசை தடவுவார், விளம்பரம் வரும், திரும்பி வந்தால் காய்ந்திருக்கும். எங்கள் வீட்டில் விளம்பரம் முடிந்து திரும்பி வந்தால் பசையில் எறும்பு ஒட்டியிருக்கும்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வாரம் முழுக்க அடுத்தவர் கையில் ஊசி குத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என் கையிலேயே உளியால் குத்திக்கொள்வது என் பொழுதுபோக்கு. ஒரு புயலில் எங்கள் வயல் வரப்போரம் நின்ற பூவரசு சாய்ந்தது. விறகுக்குக் கொடுக்க மனசு வராமல் மில்லில் கொடுத்து அறுத்து, கொல்லையில் அடுக்கி வைத்தேன். அடுக்கிய பலகையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருநாள் புத்தி கெட்டுத்தான் போகும். போயிற்று.

என் வீட்டுக்காரர் மூன்று ஏக்கர் சொச்சம், எங்கள் கணக்கில் பத்து மா நிலத்தில் சாகுபடி செய்கிறவர். நான் பலகையை இழைக்கும்போது விழுகிற சுருளைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது மாட்டுக்கு ஆகுமா?" என்று கேட்பார். அவர் எனக்குக் கொடுத்த அதிகபட்ச ஊக்கம் இதுதான்.

என்னைப் போலப் புத்தி கெட்டவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள் என்பது வாட்ஸ்அப் வந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். நாகூரில் அல்வாக் கடை வைத்திருக்கும் பாய் இருக்கிறார். மயிலாடுதுறையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அந்தத் தாடிக்காரர் மேல் கோபம், எல்லோரும் வாராவாரம் தவறாமல் பார்க்கிறோம். மாமியார் மேல் கோபம் இருந்தாலும் தீபாவளிக்குப் போகாமலா இருக்கிறோம்?

இந்தச் சமயத்தில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று மரவேலைக்கு ஒரு நிகழ்ச்சி எடுக்கப் போவதாகச் சொன்னது. சேனல் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். காதுகுத்து, கல்யாணம் எடுக்கிற ஒரு கேமராத் தம்பிதான் சேனல். அவரே டைரக்டர், அவரே எடிட்டர், மழை பெய்தால் குடை பிடிப்பவரும் அவரே. "உங்களுக்கு எப்படி வேணும்னு எழுதிக் குடுங்கக்கா. அப்படியே எடுத்துருவோம்" என்றார்.

எங்களை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. புது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு காபிக் கடையில் கூடி உட்கார்ந்தோம். அல்வாக் கடை பாய், கேமரா கையை விட்டு நகரவே கூடாது என்றார். "மூஞ்சிய எதுக்குக் காட்டுறாங்க? நான் என்ன சம்பந்தம் பேசவா பாக்குறேன்?" பல் டாக்டருக்குப் பின்னணி இசை ஆகாது. ரம்பம் மரத்தில் இறங்குகிற சத்தம் மட்டும் வேண்டும் என்றார். பகலெல்லாம் அதே மாதிரிச் சத்தத்தில்தான் இருக்கிறார், ஆனால் அதில் யாராவது அலறிக்கொண்டே இருப்பார்களாம். என் கோரிக்கை, வேலை முடிந்ததும் தூசியைக் கூட்டிப் பெருக்குவதை முழுசாகக் காட்ட வேண்டும் என்பது. தாடிக்காரர் பட்டறையைப் பெருக்கி நான் பார்த்ததில்லை. யாரோ ஒரு பெண்மணி மறைவில் துடைப்பத்தோடு நிற்கிறார் என்பது என் சந்தேகம்.

மயிலாடுதுறை அண்ணன் காபி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். காபி ஆறிய பிறகு சொன்னார்.

"அந்தாளு தப்பே பண்ண மாட்டேங்குறான் தங்கச்சி. நான் தப்பைத் தவிர வேற எதுவும் பண்ணல. எங்க வீட்டம்மாவுக்கு மாத்திரை வைக்க மூணு டிராயரு வச்ச பெட்டி செய்யிறேன், ரெண்டு வருஷமா. அது பிளாஸ்டிக் டப்பா போதும்னு சொல்லிருச்சு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், கோணையா அறுத்துட்டு முழிக்கிறத டிவியில பாத்துட்டா எனக்குத் தெம்பு வந்துரும். இல்லன்னா உளியெல்லாம் எடைக்குப் போட்டுட்டு பேரப்புள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுகிட்டுக் கெடப்பேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வளைவுகள் நிறைந்த ரோட்டில் முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் பஸ் ஓட்டியவர். ஒரு சின்ன டிராயர் அவரை அழ வைத்திருந்தது. கோரிக்கைத் தாளில் முதல் வரியாக நான்தான் எழுதினேன்: தப்பு நடந்தால் வெட்டாமல் காட்ட வேண்டும். அடியில் கோடும் போட்டேன்.

முதல் படப்பிடிப்பு என் வீட்டில் என்று முடிவாயிற்று. பங்குனி வெயிலில் நான் ஒரு மேசை செய்திருந்தேன். பூவரசுப் பலகை, ஒரு டிராயர். தாடிக்காரர் சொன்ன மாதிரியே, டிராயரின் மூலைகளைப் புறா வால் போல வெட்டிக் கோத்தது. ஸ்க்ரூ போடுவது கோழைகளின் வேலை என்று அவர் சொன்னதால் ஒரு ஸ்க்ரூகூட இல்லை, எல்லாம் பசை. மேசையின் பின்பக்கமும் பலகை அடைத்தாயிற்று. டிராயரின் அடிப்பலகைக்கு மட்டும் பிளைவுட். டிராயருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாது. "அதுதான் நண்பர்களே, கைத்திறன்" என்று அவர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அந்த ஊரில் ஐப்பசி கிடையாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நம் ஊர்த் தச்சர் எவரைக் கேட்டிருந்தாலும், மழைக்கு மரம் ஊதும், இடம் விடும்மா என்று சொல்லியிருப்பார். கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

கேமராத் தம்பி வந்தது ஐப்பசிக் கடைசியில். ஒரு வாரமாக விடாத மழை. கைரேகை படக் கூடாதென்று அந்த வாரம் முழுக்க நான் மேசையைத் தொடவே இல்லை. விளக்கு பொருத்தினார், மைக் மாட்டினார். நான் புதுப் புடவையில் நின்று, "ஒரு காகிதம்கூட நுழையாது" என்று சொல்லிக்கொண்டே டிராயரின் குமிழைப் பிடித்து இழுத்தேன். குமிழ் கையோடு வந்தது. டிராயர் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் மழைக்கோட்டோடு உள்ளே வந்தார்.

"அடங்கல எங்க வச்ச?"

பயிர்க் காப்பீடு பதிய அன்றுதான் கடைசி நாள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அடங்கல் வேண்டும், ஐந்து மணிக்குள் இ-சேவை மையத்தில் கொடுக்க வேண்டும். வி.ஏ.ஓ. அன்று மீட்டிங்குக்கு மன்னார்குடி போயிருந்தார், வேறு அடங்கல் வாங்க வழியில்லை. வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

"டிராயர்ல" என்றேன்.

"எந்த டிராயர்ல?"

என் கையில் இருந்த குமிழை அவர் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கௌரவமாகச் சொல்ல முடியாது. இடுக்கில் மெழுகுவர்த்தி தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் விட்டேன். எண்ணெயைக் குடித்து மரம் இன்னும் ஊதியதோ என்னவோ, முன்பு நகமாவது பதிந்த இடுக்கில் இப்போது நகமும் பதியவில்லை. முடி உலர்த்துகிற மெஷினை வைத்துச் சூடு காட்டலாம் என்று ஆரம்பித்தபோது கரண்ட் போயிற்று. வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தேடிப் போனார். அவர் அதை எடுத்து வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று, பேட்டரி டிரில்லோடு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.

அடிப்பலகையில் ஓட்டை போட்டு, அதன் வழியே ரம்பத்தை விட்டு அறுப்பதுதான் யோசனை. அவசரத்தில் முதல் ஓட்டையை மூலையில் போட்டேன். மூலையில்தான் என் புறா வால்கள் இருந்தன. ஒரு வால் பிளந்து, டிரில்லின் முனையும் உள்ளேயே உடைந்தது. இரண்டாவது ஓட்டையை நடுவில் போட்டு, கூர்முனை ரம்பத்தை விட்டு அறுத்தேன். மரத்தூள் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. பிறகு அடங்கல் என் மூஞ்சியில் விழுந்தது. கூடவே ரேஷன் கார்டு, இரண்டு பழைய ரிமோட் பேட்டரி, வீட்டுக்காரர் மூன்று மாசமாகத் தேடிய மூக்குக் கண்ணாடி.

"வேற எதையும் எறக்கணுமா பாரு" என்று சொல்லிவிட்டு அவர் அடங்கலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பதிந்துவிட்டதாக போன் செய்தார்.

நான் தரையிலிருந்து எழுந்து பார்த்தபோது கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, இதையெல்லாம் வெட்டிடுங்க."

"அக்கா, நீங்கதான மொத வரியா எழுதிக் குடுத்தீங்க? கோடு வேற போட்டிருந்தீங்க."

"அது மத்தவங்க பண்ற தப்புக்கு."

ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். அதற்குள் நான் டிராயரைக் காயவைத்து, பக்கங்களை இழைத்து, புது அடிப்பலகை போட்டு, பிளந்த வாலுக்குப் பசையும் மரத்தூளும் அப்பியிருந்தேன். ஒரு விரலால் இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. "ஒரு காகிதம்கூட நுழையாது" என்று மறுபடியும் சொன்னேன். உண்மையில் இப்போது அடங்கலை நாலாக மடித்தே நுழைக்கலாம்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேமரா கையை விட்டு நகரவில்லை, இசை இல்லை, நான் பெருக்குவதை ஒரு நிமிஷம் முழுசாகக் காட்டினார்கள். குழுவில் கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. எனக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்காரர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஒன் ஆணியும் வளையல போலருக்கே" என்று எழுந்து போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மயிலாடுதுறை அண்ணனிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"தங்கச்சி, பாத்தேன். ரொம்ப சுத்தமான வேலை. என் பெட்டியில மழை ஆரம்பிச்சதுலேருந்து மூணு டிராயரும் தொறக்கல. ஒங்களுது ஒரு விரலுக்கு வருது. நம்ம கைக்கு இது இல்லன்னு புரிஞ்சுபோச்சு. சாமான் எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டேன். நாளைக்கு எடைக்காரன் வருவான்."

அதை இரண்டு தடவை படித்தேன். தாடிக்காரரை ஆறு வருஷமாகத் திட்டியவள் நான். அவருக்காவது மயிலாடுதுறை எங்கே இருக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும். அந்த அண்ணன் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்ததும் தெரியும். வெட்கமாக இருந்தது. என் மேலேயே ஆத்திரமாகவும் வந்தது.

கேமராத் தம்பிக்கு போன் போட்டேன். ஏதோ கல்யாணத்தில் இருந்தார், பின்னால் நாயனச் சத்தம்.

"வெட்டுனதை வச்சிருக்கீங்களா?"

"அதை அழிப்பனாக்கா? எங்க வீட்டுல எல்லாரும் அஞ்சு தடவ பாத்தாச்சு."

சாயங்காலத்துக்குள் அனுப்பினார். இருபத்திரண்டு நிமிஷம். எண்ணெயும் டிரில்லும், மேசைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் என் இரண்டு காலும், மண்வெட்டியோடு வந்து நிற்கும் வீட்டுக்காரரும், நான் சொன்ன இரண்டு கெட்ட வார்த்தையும் அதில் அப்படியே இருந்தன. முதலில் அண்ணனுக்கு அனுப்பினேன். யோசித்தால் அனுப்ப மாட்டேன் என்று தெரிந்ததால் யோசிக்காமல் குழுவிலும் போட்டேன். பல் டாக்டர் சிரித்துச் சிரித்து அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது.

அண்ணன் பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. பதில் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் தாண்டியது. எடைக்காரனை இன்றைக்கே வரச் சொல்லிவிட்டாரோ என்று நினைத்தேன். எட்டு மணிக்கு போன் அதிர்ந்தது.

"தங்கச்சி, மூட்டைய அவுத்துட்டேன். பெட்டிய கவுத்துப் போட்டுருக்கேன். ஓட்டைய எந்த எடத்துல போடணும்? உள்ள அளவு பாக்க வச்ச வீட்டம்மாவோட மாத்திரை இருக்கு."

"நடுவுல போடுங்கண்ணே" என்று எழுதினேன். "மூலையில போட்டுறாதீங்க. நான் அங்க போட்டுத்தான் கெடுத்தேன்."