சங்கு குளித்தவரும் சுறா பிடித்தவரும்

திருப்பூரில் எங்கள் லைன் வீட்டுக்குள் இரண்டு கடல்காரர்கள் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் என் அப்பா, தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்தவர். இன்னொருவர் என் வீட்டுக்காரர், அதே கரையில் தூண்டில் போட்டுச் சுறா பிடித்தவர். அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவரைத் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோகும் தெம்பு என் வீட்டுக்காரருக்குத்தான் உண்டு. அப்பாவோ அவரைத் தொடவே விடமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து செத்தது நான்.

இத்தனைக்கும் அவரைத் தேடிப்போய் எனக்குக் கட்டிவைத்ததே அப்பாதான். எங்கள் கரையில் சுறா என்றால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். சுறாவின் செட்டையை நாங்கள் பீலி என்போம். அதை வாங்க வியாபாரிகள் மணலிலேயே காத்துக்கிடந்த காலம். படகு ஒதுங்கியதும் அப்பா முதல் ஆளாக ஓடுவார். செத்துக் கிடக்கிற சுறாவைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். என் மருமகன் பிடித்தது என்று ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வார்.

பிறகு சுறா சிறுத்துக்கொண்டே வந்தது. ஆளைவிடப் பெரியது போய், முழங்கை நீளக் குட்டிகள் வந்தன. கடைசியில் அதுவும் இல்லை. திருக்கைதான் கூட்டங்கூட்டமாக வந்தது. திருக்கையைத் தின்கிறது சுறா. தின்ன ஆள் இல்லையென்றால் திருக்கைக்கென்ன, கொண்டாட்டம்தானே! அதன் பல் அம்மி மாதிரி தட்டை. சிப்பியோ குஞ்சுச் சங்கோ, எது கிடைத்தாலும் நொறுக்கித் தள்ளிவிடும். அப்பா முங்கிப் பார்த்தால் கரைக்குப் பக்கத்தில் உடைந்த ஓடுகள்தான் கிடந்தனவாம். விசைப்படகுக்காரன் வலையைப் போட்டுக் கடல்தரையையே சுரண்டியதும் சேர்ந்துதான் எல்லாம் போனது என்று என் வீட்டுக்காரர் சொல்லிப்பார்த்தார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் சோற்றில் மண்ணைப் போட்டவன் என் மருமகன்தான் என்று அதையும் ஊரெல்லாம் சொன்னார்.

இரண்டாயிரம் பிறந்த கையோடு, தூண்டிலை எடைக்குப் போட்டுவிட்டு நாங்கள் திருப்பூர் வந்துவிட்டோம். அவருக்குப் பனியன் கம்பெனியில் பண்டல் தூக்கும் வேலை, எனக்குச் செக்கிங். கடலில் சுறாவோடு மல்லுக்கட்டிய மனுஷன், ஜட்டி பண்டலைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நாங்கள் குடியிருந்த அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைச் சத்தத்தில் சொன்னால் மட்டும் கேட்கவா போகிறது?

அப்பா எங்களோடு வரவில்லை. கிட்டத்தில் சங்கு இல்லை என்றதும் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போக ஆரம்பித்தார். அந்த வயதில் செய்கிற வேலையா அது? ஒருநாள் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்து படகில் ஏறியவர், கால் மரத்துப்போகிறதே என்றாராம். அத்தோடு சரி. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் கால் திரும்பவில்லை. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான்தான் போய்க் கூட்டிவந்தேன்.

காலையில் ஷிப்டுக்குப் போகும் முன்பு பழைய பெட்ஷீட்டில் அப்பாவை உட்காரவைத்து, வரிசையின் கடைசியில் இருந்த கக்கூஸ்வரை இழுத்துக்கொண்டு போவேன். சாயங்காலம் வந்து மறுபடி இழுப்பேன். நடுவில் வரக்கூடாதென்று அவர் தண்ணீரே குடிக்கமாட்டார். லைன் வீட்டுச் சொந்தக்கார அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஊட்டுல ஆம்பளை இருக்கறப்ப நீங்க ஏனுங்க இப்படி இழுத்துட்டுக் கிடக்கறீங்க?" என்றது.

மின்வெட்டுக் காலம். ஒருநாள் கரண்டு இல்லையென்று என் வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் செக்ஷனில் மட்டும் ஜெனரேட்டர் போட்டு ஷிப்மென்ட் வேலை ஓடியது. நான் வரும்போது விளக்கு வைக்கும் நேரம். வாசலிலேயே நாற்றம். அப்பா மலத்தோடு கிடந்தார், முகம் சுவர்ப்பக்கம். என் வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு படியில் உட்கார்ந்திருந்தார், நெற்றி புடைத்திருந்தது. கிட்டே போனதற்கு அப்பா டம்ளரை விட்டெறிந்திருக்கிறார்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். பையை வீசிவிட்டுக் கத்தினேன். மனுஷியா எந்திரமா நான், இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் குழியில் இறக்கிவிட்டுத்தான் ஓய்வீர்களா என்று என்னென்னவோ கேட்டேன். கடைசியில், "அவுக சுறாவப் பிடிச்சாக, சரி. நீங்க ஒருநாளாவது வேண்டாம்னு சொன்னீயளாப்பா?" என்றேன்.

அப்பா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் எப்பிடிச் சொல்லுவேன்? முங்குததுக்கு முன்னால ஒவ்வொரு நாளும் மாதாகிட்ட அழுவேன், சுறா என் கண்ணுல படவே கூடாது தாயேன்னு. அம்புட்டு பயம் எனக்கு. இவரு பிடிச்சுப் போடப்போடத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. அதுக்காகத்தான உன்னைய இவருக்குக் கெட்டிக்குடுத்தேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே வந்தார். அப்பா இந்தமுறை தடுக்கவில்லை. "அழுக்கா கிடக்கேன், மாப்ளே" என்று மட்டும் சொன்னார். அவர் அதைக் காதில் வாங்காமல், குழந்தையைத் தூக்குவதுபோல் வாரியெடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்தார். தலையில் தண்ணீர் ஊற்றினார், முதுகு தேய்த்தார், உணர்ச்சியில்லாத அந்தக் கால்களையும் சோப்புப் போட்டுக் கழுவினார். நான் துண்டோடு பக்கத்தில் நின்றேன்.

"கரப்பக்கம் ஒரு சுறாவாவது மிஞ்சிக் கிடக்குமா, மாப்ளே?" என்று அப்பா கேட்டார்.

என் வீட்டுக்காரர் பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது.

"இல்ல மாமா. ஒண்ணுங்கூட இல்ல."

அப்பா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.