காபி கிளப் வாசலில் குறுக்கெழுத்து

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கரும்பலகையில் குறுக்கெழுத்துக் கட்டம் போட்டு, பஸ் கிளம்புவதுகூடத் தெரியாமல் ஜனங்களை நிற்க வைத்தவன் நான்தான். எனக்கு முன்னால் எவனும் செய்யவில்லை, எனக்குப் பின்னாலும் செய்யவில்லை. இன்று மூன்று மாடி லாட்ஜுக்குச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்வதைவிட இதைச் சொல்லிக்கொள்வதில்தான் எனக்குப் பெருமை. ஆனால் அந்தப் பலகையே ஒரு நாள் என்னை நடுநடுங்க வைத்தது.

அந்த காபி கிளப்பில் நான் முதலில் மேஜை துடைத்தவன். பிறகு அதை வாங்கியவன். துடைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு குமாஸ்தா வாரப் பத்திரிகையை விரித்துவைத்து, குறுக்கெழுத்தையே முறைத்துப் பார்த்துக் காபியை ஆறவிட்டு எழுந்து போனார். ஒரே ஒரு சொல் பாக்கி. 'ஏருக்கு முன்னால் நடப்பது' என்று குறிப்பு. நடுக்கட்டத்தில் 'ரு' ஏற்கெனவே விழுந்திருந்தது. எருது என்று சட்டென்று எனக்குள் வந்தது. எழுதினேன். மேலே போன சொல்லும் பக்கத்தில் போன சொல்லும் அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எச்சில் தம்ளர் கழுவுகிற கை, படித்த மனுஷர் விட்டுப்போன இடத்தை அடைத்துவிட்டதே என்ற திகைப்பு. அந்த ருசியை அனுபவித்தவனுக்குத்தான் அது தெரியும்.

கடை என் கைக்கு வந்ததும், 'இன்றைய ஸ்பெஷல்' எழுதுகிற பலகையின் பாதியை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் புதுக் கட்டம். பத்திரிகையில் வேண்டாத கட்டம் கறுப்பாக இருக்கும். என் பலகையே கறுப்பு என்பதால் வேண்டாத கட்டத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வெள்ளையாக அடைப்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் கோலம் போட்ட மாதிரி இருக்கும்.

கட்டம் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. தமிழில் புள்ளி வைத்த எழுத்தில் சொல் தொடங்காது. அதனால் குறுக்கே போகிற சொல்லில் இருக்கிற புள்ளி எழுத்து, கீழே இறங்குகிற சொல்லுக்குத் தலையாக வந்துவிடக்கூடாது. வயிற்றிலோ வாலிலோதான் விழவேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அழித்து அழித்து நானே கண்டுபிடித்தேன். பத்திரிகைக்காரர்கள் சிக்கிக்கொண்டால் சொல்லை வலமிருந்து இடமாக ஓடவிடுவார்கள், இல்லாவிட்டால் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுவிட்டு 'குழம்பியிருக்கிறது' என்று எழுதிவிடுவார்கள். நான் அந்த வேலை செய்ததே இல்லை. என் சொல் எல்லாம் நேராக நடக்கும்.

பரிசும் நான் யோசித்ததுதான். கட்டத்தை ஒன்று விடாமல் நிரப்பிக் காட்டுகிறவர், அடுத்த வாரக் கட்டத்துக்கு ஒரு வார்த்தை தரலாம். அந்த வார்த்தையை நான் கட்டாயம் பலகையில் ஏற்றுவேன். காபியைப் பரிசாகக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் காபிக்காக வருவான். வார்த்தைக்காக வருகிற ஆள்தான் எனக்கு வேண்டும்.

லாரி டிரைவர்கள், மண்டிக் கணக்கர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று எல்லோரும் வாசலில் நின்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். முழுதாக முடித்தவர்கள் என்னவோ பெரும்பாலும் இரண்டே பேர். ஒருவன் சின்னாளப்பட்டிக்காரத் தம்பி. சுங்குடிச் சேலைகளைச் சைக்கிளில் கட்டி நத்தம் பக்கத்துக் கிராமங்களில் விற்றுவிட்டு என் கடையில் வந்து உட்காருவான். இன்னொருவர் நத்தத்துப் புளி வியாபாரி. உண்மையில் அவர் இல்லை, அவருடைய மகள். காபி கிளப்பில் பெண்பிள்ளைகள் வந்து நிற்கிற காலமா அது? அவரே கட்டத்தையும் குறிப்புகளையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தெழுதி மடித்து மடியில் வைத்துக்கொண்டு போவார். அடுத்த தடவை நிரப்பிக் கொண்டுவந்து நீட்டுவார்.

"இந்தாப்பா, ஒண்ணு விடல. எம் மக முடிச்சுட்டா."

"நீங்க ஒரு கட்டமாச்சும் போட்டீகளாண்ணே?"

"நான் புளியில கொட்டை எடுக்கிற ஆளு. குறிப்ப வாசிச்சுக் காட்டுவேன். அவ அடுப்படியில இருந்துக்கிட்டே பதில் சொல்லுவா."

"சரி, அடுத்த வாரத்துக்கு வார்த்த?"

"சம்மதம்னு போடச் சொன்னா."

பக்கத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் தலையைத் தூக்கினார். "எதுக்குச் சம்மதமாம்?"

"வேற எதுக்கு, கல்யாணத்துக்குத்தேன். பங்குனியில என் மச்சினனுக்குக் குடுக்கிறேன்ல."

எல்லோரும் சிரித்தோம். மூலையில் இருந்த சேலைக்காரத் தம்பிக்கு மட்டும் புரை ஏறிவிட்டது. நான்தான் தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டினேன்.

'சம்மதம்' ஏறிய கட்டத்தை அவன் முடித்துவிட்டு, "அண்ணே, அடுத்ததுக்குக் கொடைரோடு போடுங்க" என்றான்.

"ஊர்ப் பேரெல்லாம் நான் போடுறதில்லப்பா."

"முடியலன்னா விடுங்கண்ணே. டை, ரோ ரெண்டும் முரட்டு எழுத்து. யாராலயும் ஏலாது."

என்னிடமா? 'குடை'யை மேலிருந்து இறக்கி 'டை'யில் முடித்தேன். 'ரோ'வுக்குக் கீழே ரோஜாவைத் தொங்கவிட்டேன். கடைசி 'டு'வில் 'புறப்பாடு' வந்து இறங்கியது. 'மலைக்குப் போகிறவர் ரயிலை விட்டு இறங்குமிடம்' என்று குறிப்பு எழுதினேன். அந்த மாதிரிக் கட்டத்தைப் பட்டணத்துப் பத்திரிகையில்கூட நான் பார்த்ததில்லை.

புளிக்காரர் மகள் அதையும் முடித்துவிட்டு, பாதயாத்திரை என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பினாள். "பழனிக்கு நடந்து போய்ட்டு வாரேன்னு வேண்டிக்கிட்டாளாம். கல்யாணத்துக்கு முன்ன முடிச்சிரட்டும்" என்றார் அவர். அதையும் ஏற்றினேன்.

தைப்பூசத்துக்கு நத்தத்திலிருந்து நடக்கிற கூட்டம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் பழனிக்குப் போகும். அவர்களுக்குக் கடை வாசலில் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் மட்டும் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடியே நின்றாள்.

"இத நீங்கதான் போடுறீகளா?"

"வேற யாரு போடுவா இந்த ஊர்ல?"

"நான் புளி யாவாரி மக."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ வாரமாக என் கட்டத்தை ஜெயித்த மூளை என் வாசலில் வந்து நிற்கிறது. 'பாதயாத்திரை'யை எங்கே நுழைத்தேன், எப்படி நுழைத்தேன் என்று விளக்க ஆரம்பித்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டாள்.

"குடுத்த வார்த்தைய ஒருதடவகூட நீங்க மாத்தல. நல்லா இருங்கண்ணே."

"உங்க கூட்டம் போயிருச்சேம்மா."

"எட்டிப் புடிச்சிருவேன்."

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டதால், அவள் எந்தப் பக்கம் போனாள் என்று நான் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் புளிக்காரர் வந்தார். தோளில் துண்டு இல்லை, முகத்தில் ரத்தமே இல்லை.

"புள்ளயக் காணோம்ப்பா. கூட வந்த பொம்பளைக திரும்பி வந்து சொல்லுறாக. இங்கிட்டு எங்கயும் பாத்தியா?"

"பானகம் குடிச்சிட்டுப் போச்சேண்ணே. நல்லாத்தான் பேசிட்டுப் போச்சு."

"மச்சினன் ஆளுகளோட பழனி ரோட்டுல தேடுறான். கையில என்ன வச்சிருக்கான்னு நான் கேக்கல. எவனோ கூட்டிட்டுப் போய்ட்டாங்கிறான். கண்ணுல பட்டா ரெண்டு பேரையும் வெட்டிட்டுத்தான் வருவேங்கிறான்."

அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கட்டம்தான். நான் போட்ட கட்டம் ஒன்றுகூட எனக்கு மறக்காது.

"உங்க மகளுக்கு இருக்கிற புத்திக்கு எங்கயும் வழி தவறாதுண்ணே. குடுத்த வார்த்தைகளப் பாருங்க. அந்தச் சேலைக்காரத் தம்பி சுங்குடின்னு குடுத்துச்சு, உங்க மக மயில்கழுத்துன்னு குடுத்துச்சு. அவன் கல்யாணம்னான், இது சம்மதம்னு..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

அவன் கல்யாணம் என்றான். இவள் சம்மதம் என்றாள். அவன் கொடைரோடு என்றான். இவள் பாதயாத்திரை என்றாள்.

வாரக்கணக்காக என் பலகையில் நின்று இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். ஊரே நின்று பார்த்திருக்கிறது. பெற்ற தகப்பன் அந்தப் பேச்சை மடியில் வைத்துச் சுமந்திருக்கிறார். ஒவ்வோர் எழுத்தாக இழைத்து இழைத்து எழுதிய எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திண்டுக்கல் ஸ்டேஷனில் ஏறினால் தெரிந்தவர் கண்ணில் படுவார்கள், கொடைரோட்டில் அவர்களை யாருக்குத் தெரியும்? அங்கே சாயங்கால வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் நான் வாய் திறந்தால் இரண்டு உயிர் போகும்.

புளிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மதம்னு இங்கன நின்னு நாந்தான சொன்னேன்" என்றார் மெதுவாக. "அதுக்குப் பொறகு அந்தப் பய என்ன வார்த்த குடுத்தான்?"

"மறந்துபோச்சுண்ணே."

"உனக்கா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பலகையைத் துடைக்கிற ஈரத்துணியைக் கையில் வைத்துப் பிழிந்துகொண்டே நின்றேன்.

அப்போதுதான் எதிரே மதுரை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூவ ஆரம்பித்தான்.

"சின்னாளப்பட்டி, கொடைரோடு, மதுரை. சின்னாளப்பட்டி, கொடைரோடு, மதுரை."

நான் எந்த வார்த்தையைத் தொண்டைக்குள் அடைத்துவைத்தேனோ, அதை அவன் ஊருக்கே கேட்கும்படி கத்துகிறான். புளிக்காரர் எழுந்தார். ரோட்டைக் கடந்தார். பஸ் படியில் ஒரு காலை வைத்தார். நான் கடையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடினேன். எதற்கு ஓடினேன், பிடித்து இழுக்கவா, கூடப் போகவா, எனக்கே தெரியாது.

படியில் வைத்த கால் அப்படியே இருக்க, அவர் என் பக்கம் திரும்பினார்.

"மலைக்குப் போறவுக ரயில விட்டு இறங்குற எடம். அந்தக் குறிப்ப நாந்தான் வாசிச்சுக் காட்டுனேன். கேட்டதும் சிரிச்சா. மச்சினனுக்குப் பேசி முடிச்ச நாள்லருந்து அவ மொகத்துல சிரிப்பையே நான் பாக்கல. ஏதோ கட்டத்துல சந்தோசம்னு நெனச்சேன்."

கண்டக்டர் அவர் தோளைத் தட்டினான். "பெரியவரே, ஏறுறீகளா, எறங்குறீகளா?"

அவர் படியிலிருந்து காலை எடுத்தார். கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் எங்கள் இரண்டு பேர் மேலும் புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போனது.

"மச்சினன் இங்க வருவான்" என்றார். "கேட்டா, நான் நத்தத்துக்குத் திரும்பிட்டேன்னு சொல்லு. அவள நீ இங்க பாக்கவே இல்லன்னும் சொல்லு."

எந்தச் சபையிலும் வாயடைத்துப் போகாதவன் நான். அன்றைக்கு வெறுமனே தலையை ஆட்டினேன். அவர் நத்தம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் இருந்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்.

செத்த நேரத்தில் மச்சினன் வந்தான். கூட நாலைந்து ஆட்கள். ஒருவன் கையில் கோணிச்சாக்கில் எதையோ சுற்றி வைத்திருந்தான். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். எல்லோரையும் உட்காரவைத்து இட்லி, வடை, காபி என்று ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் கொண்டுவரச் சொன்னேன். சாயங்கால வண்டி போகிற நேரம்வரை அவர்கள் என் கடையில்தான் இருக்கவேண்டும் என்று மனசுக்குள் கணக்கு.

மச்சினன் காபியை ஆற்றிக்கொண்டே வாசல் பலகையைப் பார்த்தான். அதில் யாரோ பாதயாத்திரை என்று கட்டம் கட்டமாக நிரப்பி வைத்திருந்தார்கள்.

"இது என்னப்பா, கோடு கோடா?" என்றான்.

அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டவனை நான் அதுவரை லேசில் விட்டதில்லை.

"சும்மா கிறுக்கி வச்சிருக்கேன்" என்றேன். "அதுல ஒண்ணுமில்ல."

அவன் தலையைத் திருப்பிக்கொண்டு இன்னொரு வடை கேட்டான்.