லைசென்ஸ் வாங்கிய தென்னந்தோப்பு

நேற்று எங்கள் கும்பகோணம் வீட்டில் ஆப்ப மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது. மூடியைத் திறந்ததும் அடித்த வாசனை, இப்போது உரக்கடையாகிவிட்ட எங்கள் வலங்கைமான் பக்கத்துத் தென்னந்தோப்பை அப்படியே முன்னால் நிறுத்தியது. ஓலைப் பந்தலுக்குக் கீழே மண்கலயங்களில் கள் நுரைத்துக்கொண்டிருக்கும், அம்மா நண்டு வறுத்துக்கொண்டிருப்பாள். ஒரு அறுவடையின்போது, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்தியிருந்த ஆட்கள் ஒரு பக்கமும், மிராசுதாரின் காரியக்காரர் தன் ஆட்களோடு மறுபக்கமும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்து குடிப்பார்கள்.

மதுவிலக்கு இருந்த காலமெல்லாம் அப்பா போலீசுக்கு ஒளிந்துதான் கள் இறக்கினார். அரசாங்கம் தடையை எடுத்ததும் முறையாக லைசென்ஸ் வாங்கிக் கடை போட்டார். ஆனாலும், பல வருஷமாக அவரைத் துரத்திய ஏட்டு ஒரு சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கியதும், அப்பா கையிலிருந்த கலயத்தை என்னிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று மரத்தில் ஏறிவிட்டார்.

ஏட்டு அண்ணாந்து பார்த்தார். "இறங்கி வாங்க. நான் குடிக்கத்தான் வந்திருக்கேன்."

"சட்டத்தை மறுபடி மாத்திட்டாங்களா?" என்று உச்சியிலிருந்து கேட்டார் அப்பா.

"இன்னும் இல்லைங்க."

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு தோப்பு முழுக்கச் சிரித்தது. காரியக்காரருக்குச் சிரிப்பில் புரையேறிவிட, வேலைநிறுத்தக்காரர்களில் ஒருவர் எழுந்துபோய் அவர் தலையில் தட்டி, "மெல்லக் குடிங்க" என்றார்.

அந்த அறுவடையில் இரண்டு பக்கமும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்.