நண்டும் நாலாம் வகுப்பும்

நான் திருமயத்துக்காரி. கோட்டை பார்த்து வளர்ந்தவள், கடல் பார்த்து வளர்ந்தவள் அல்ல. உயிர் நண்டைக் கண்டால் குலை நடுங்கும். என்னைப் பார்த்துத்தான் கடலோரக் கட்டுமாவடிப் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பைக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை முதல் பீரியடு நீதிபோதனை. அந்த வாரத் தலைப்பு தைரியம். கதை சொன்னால் தூங்கிவிடுவார்கள், கண்ணெதிரே காட்டினால் மறக்கமாட்டார்கள் என்று என் புத்தி சொன்னது. வரும் வழியில் மீன் மார்க்கெட்டில் ஒரு நண்டு வாங்கி, வாளியில் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

யாருக்கு இதைத் தொடத் தைரியம் இருக்கிறது என்று கேட்டேன். வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. முதல் பெஞ்சு வாண்டு ஒன்று நண்டைத் தூக்கி, புரட்டிப் பார்த்து, சதையே இல்லை, உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டது. மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தரப் போயிருக்கிறேன்.

சரி, உங்களுக்கு எதற்குத்தான் பயம் என்றேன். ஊசி, நாய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். பள்ளி திறந்ததிலிருந்து வாய் திறக்காதவள். வாசிக்கச் சொன்னால் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவள் வாயிலிருந்து ஒரு வரி கேட்டுவிட மாட்டோமா என்று நான் ஏங்காத நாளில்லை.

"எனக்கு வாசிக்கப் பயம் டீச்சர்" என்றாள். "நீங்க நண்டப் புடிங்க. நான் வாசிக்கிறேன்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று தப்பிக்க வழியில்லை. கண்ணை மூடி வாளிக்குள் கையை விட்டேன். முதுகைத் தேடிய விரல் நேராகக் கொடுக்குக்குள் போனது. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள், நடுங்கி நடுங்கி, எழுத்துக்கூட்டி.

கத்தினால் நிறுத்திவிடுவாள். அப்புறம் இந்த வருஷம் வாசிக்கவே மாட்டாள். வாயை மூடிக்கொண்டேன். முதல் பெஞ்சு மட்டும் விஷயம் புரிந்து, உதறாதீங்க, உதறினால் இன்னும் இறுக்கும் என்று கிசுகிசுத்தது. உதறவில்லை. கண்ணீர் மட்டும் தாரை தாரையாக வந்தது.

பாடம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், என்னால் முடியவில்லை. அவள் நிமிர்ந்து என் கண்ணீரைப் பார்த்தாள். தன் வாசிப்பில் டீச்சர் உருகிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்த பாடமும் வாசிக்கவா டீச்சர்?"

நண்டு இன்னும் விடவில்லை.

"வாசி ஆத்தா" என்றேன்.