தெளியாத சோடாத் தண்ணீர்

ஐம்பதுகளில் சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்றில் நீராவிப் பொயிலர் ஓட்டும் டிரைவராகச் சேர்ந்தேன். கல்முனையிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். எவ்வளவு விறகு போட்டாலும் அந்தப் பொயிலரில் ஸ்டீம் ஏறாது என்பது முதல் நாளே தெரிந்தது. ஆறவிட்டு, ஆள் உள்ளே இறங்கும் மேன்ஹோலைத் திறந்தேன். குழாய்களின் மேல் விரல் தடிப்பில் வெள்ளைக் கல். ஒன்பது நாள் உள்ளே குந்தியிருந்து சுத்தியலால் தட்டினேன். அந்தத் தோள்வலி இன்னும் போகவில்லை.

முதலாளி நம்பவில்லை. "கண்ணாடி மாதிரித் தண்ணி மனே. ஊர் முழுக்க இதத்தானே குடிக்கிது. இதுக்குள்ள எங்க கல்லு?"

கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்து, உடுப்புத் தோய்க்கிற சோடாவைக் கரைத்து ஊற்றிக் காட்டினேன். பால் போல வெளுத்தது. பின்னேரம் அடியில் வெள்ளை மா படிந்து, மேல் தண்ணீர் தெளிந்திருந்தது.

"ஓம், கிடக்குத்தான்" என்றார்.

கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் சுண்ணாம்பைச் சோடா திரட்டிப் படிய வைத்துவிடும். பொயிலருக்குள் கல்லாக வேண்டியது வெளியே தொட்டியிலேயே மண்டியாகிவிடும். ஆனால் மண்டி அடங்க ஒரு நாள் வேண்டும். எங்களிடம் ஒரு தொட்டிதான் இருந்தது; அது தெளியும்வரை ஆலை நிற்க வேண்டும்.

அறுவடை வந்தது. வரிப்பத்தான்சேனை வண்டிகள் நெல்லோடு வாசலில் நின்றன. "இண்டைக்கு மட்டும் அப்படியே உடு மனே" என்றார் முதலாளி. ஐந்தாம் நாளும் அதையே சொன்னார். வாதாடக் களைப்பாக இருந்தது. கலங்கல் தண்ணீரையே உள்ளே விட்டேன்.

ஆறாம் நாள், பொயிலருக்குள் இருக்கும் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் பாதியில் நின்றது. காலையிலிருந்து அசையவேயில்லை. சந்தேகப்பட்டு, மட்டம் சோதிக்கிற குழாய்களில் கீழே இருக்கும் டெஸ்ட் கொக்கைத் திறந்தேன். வெறும் ஸ்டீம் சீறியது. மண்டி கேஜை அடைத்துப் பொய்க் கணக்குக் காட்டியிருக்கிறது. உள்ளே தண்ணீர் வற்றிவிட்டது.

நெருப்புப் போடும் ஆதம்பாவா, என்னை அண்ணன் முறையில் காக்கா என்பவன், பம்புக்கு ஓடினான். "தண்ணி அடிக்கட்டா காக்கா?"

"காஞ்ச குழாயில பச்சத் தண்ணி பட்டா வெடிச்சிடும். நெருப்ப வெளிய இழு."

இருவரும் எரிகிற விறகை இழுத்துப் போட்டோம். பொயிலர் தப்பியது. ஆதம்பாவாவின் உள்ளங்கைகள் இரண்டும் வெந்துபோயின.

முதலாளி அடுத்த கிழமையே இரண்டாவது தொட்டி கட்டுவித்தார். சோடா போட்டதோடு வேலை முடிவதில்லை. மண்டி அடங்கும்வரை, யார் கேட்டாலும் வால்வைத் திறக்கக் கூடாது. பிறகு வேலைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன்.

கை வெந்த அந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில் ஆதம்பாவாவைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்திருந்தான்.

"கலங்கல் தண்ணி உடக் கூடாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே காக்கா?"

"ஓம்" என்றேன்.