ஆறு குட்டிகளும் உறைந்த மருந்தும்

எங்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கிவிடுவோம். வெளியே மைனஸ் முப்பது. ஆண்டவன் அவ்வளவு பெரிய பெட்டியைச் சும்மா திறந்து வைத்திருக்கும்போது மின்சாரத்துக்குத் தண்டம் அழுவானேன்? வடதுருவத்தை ஒட்டிய யூகான் ஆற்றங்கரையில் நாங்கள் அத்தனை புத்திசாலிகள்.

டார்க்கஸ் எங்களில் மகா புத்திசாலி. ஐம்பத்தெட்டு வயது. புருஷன் போய்விட்டான், பாதிப் பல்லும் போய்விட்டது; பனிவண்டி இழுக்கும் நாய்களை மட்டும் விடவில்லை. "வழி தவறினா, பனியில ஓடுற மிஷின் வண்டி வீட்டுக்குக் கூட்டிட்டு வருமா?" என்பாள். வண்டிக்கு முன்னால் ஓடி வழிநடத்தும் அவளுடைய தலைமை நாய் ஆறு குட்டி போட்டுவிட்டுச் செத்தது. இனி அந்த ஆறும்தான் வளர்ந்து அவளுடைய வண்டியை இழுக்க வேண்டும்.

நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமிக்கான தடுப்பு மருந்து விமானத்தில் வந்தது. அதை முன்கொட்டகையில் கடமான் கறிக்குப் பக்கத்தில் வைத்தாள். நாள் வந்ததும் உள்ளங்கையில் உருக்கி ஆறுக்கும் ஊசி போட்டாள். இனி என்ன பயம் என்று, பந்தயத்துக்கு வந்த வெளியூர் நாய்களோடு விளையாட விட்டாள்.

ஒரே வாரம். முதல் குட்டி தீனியைத் தொடவில்லை. பிறகு வாந்தி, ரத்தக் கழிச்சல். நகரத்து மருத்துவருக்குப் போன் போட்டாள்.

"மருந்த எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"எங்க வெப்பாங்க? கறியோடதான். கெடாம கல்லு மாதிரி இருந்துச்சு டாக்டர்."



"உறைஞ்சா மருந்து வீணாயிடும்மா. ஜில்லுனு இருக்கலாம், உறையக் கூடாது."

"அப்ப அந்தக் கிருமியும் உறைஞ்சு செத்திருக்கணுமே?"

"இல்லம்மா. அது பனியில நல்லாவே இருக்கும்."

நாலாம் நாளுக்குள் ஐந்து போயின. ஆறாவதை மடியில் கிடத்தி, தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு சைலஸ் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நான் ஏதாச்சும்..."

"உள்ள வராத! உன் பூட்ஸுல ஒட்டிக்கிட்டு உன் குட்டிங்ககிட்ட போயிடும். உன் மருந்து எங்கடா இருக்கு?"

சைலஸ் தன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான்.

"தூக்கிப் போடு. நாளைக்கு டாக்டர் அனுப்புற புதுசு வருது. ஃப்ரிட்ஜ் வயரச் சொருகி, அதுல வை."

"இந்தக் குளிர்லயா? ஊரே சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டும். அஞ்சையும் புதைக்க உறைஞ்ச மண்ணு எடங்குடுக்கல, எரிச்சேன். நீ சிரிப்புக்குப் பயப்படு."

மறுநாள் காலை விமானம் வந்தது. சைலஸ் மருந்துப் பெட்டியோடு தூரத்திலிருந்தே கூப்பிட்டான். டார்க்கஸ் போர்வைச் சுருள் ஒன்றை ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். அது அசையவில்லை. சைலஸ் தொப்பியைக் கழற்றினான்.

"உன் குட்டிங்களுக்குப் போடு," என்றாள். "மூணு வாரத்துல மறுபடியும். அதோட நிறுத்திடாத. டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் போடு."

அன்று சாயங்காலம், மைனஸ் முப்பதில், ஊரின் பதினோரு வீடுகளிலும் ஃப்ரிட்ஜ் உறுமியது. யாரும் சிரிக்கவில்லை.